என்டர் தட்டினால் சம்மதம்

அலுவலகத்தில் அவளுக்குப் பெட்டிக்காரி என்று பெயர். கணினித் திரையின் நட்டநடுவில் "புதுப்பிப்பு தயார். இப்போதே நிறுவவா, பிறகா?" என்று வந்து நிற்குமே ஒரு பெட்டி, ஊரே திட்டுகிற அந்தப் பெட்டியை வடிவமைப்பவள் அவள்தான். பதினோரு வருடமாக அதே வேலை. "எந்த மகராசி பண்ணின வேலையோ இது!" என்று யாராவது அலுத்துக்கொண்டால், தலையைக் குனிந்துகொண்டு காபியைக் குடிப்பாள்.

ஆனாலும் உள்ளூர ஒரு பெருமை இருந்தது. நான்கு வருடத்துக்கு முன் "இப்போதே" என்ற பொத்தானை என்டர் விசையோடு முடிச்சுப் போட்டவள் அவள்தான். பெட்டி வந்ததும் என்டர் தட்டினால் போதும், கணினி அணைந்து புதிதாக எழும். நிறுவுகிறவர்கள் எண்ணிக்கை ஒரே மாதத்தில் இரட்டிப்பானது. அலுவலகத்தில் கைதட்டி, அந்த ஏற்றத்தைக் காட்டும் வரைபடத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார்கள்.

அவளுடைய அக்காவுக்குத் தொண்டை அறுவை சிகிச்சையில் குரல் போய்விட்டது. அன்றிலிருந்து கணினிதான் வாய். எழுதி என்டர் தட்டினால் அது பேசும். ஒரு காலத்தில் தெருமுனை வரை கேட்ட வாய். கணினி வந்த பிறகும் பேச்சு நீளத்தில் குறைவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தங்கை அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். அக்காவின் ஒரே மகள் வெளியூர் விடுதியில் இருந்தாள். அவளுக்குக் கடல் தாண்டி வேலை கிடைத்திருந்தது. சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"அனுப்பலாமா, வேணாமா? நீ ஒரு வார்த்தை சொல்லிடு," என்றார் அத்தான்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதினாள். பத்து நிமிடம் எழுதினாள். அவள் என்டரை அழுத்தவும் பெட்டி முளைக்கவும் சரியாக இருந்தது. திரை இருண்டு, வட்டம் சுற்றத் தொடங்கியது.

அத்தான் பொறுமைக்குப் பேர்போனவர் அல்ல. பேனாவைத் தேடி அக்கா இழுப்பறையைக் குடைந்துகொண்டிருக்கும்போதே, "சரி, மௌனம் சம்மதம்," என்று போனை எடுத்து, "அம்மா சரின்னுட்டாம்மா," என்று மகளிடம் சொல்லிவிட்டார். கணினி எழுந்தபோது எழுதியது ஒரு வரிகூட மிஞ்சவில்லை.

"என்னக்கா எழுதினே?"

"போனது போகட்டும்," என்றது கணினி. அக்கா எழுந்து உள்ளே போய்விட்டாள்.

குற்றவாளி யார் என்று அந்த வீட்டில் தங்கைக்கு மட்டும்தான் தெரியும். வேறு எந்தக் கழுதை செய்திருந்தாலும் வாய்கிழியத் திட்டியிருப்பாள். இப்போது யாரைத் திட்டுவது?

மறுநாள் அலுவலகப் பதிவுகளைத் தோண்டினாள். என்டர் தட்டியவர்களில் பத்தில் ஏழு பேர், பெட்டி தோன்றிய அரை நொடிக்குள் தட்டியிருந்தார்கள். அரை நொடியில் அதை யார் படித்திருக்க முடியும்? எல்லாரும் வேறு எதையோ எழுதிக்கொண்டிருந்தவர்கள். நான்கு வருடத்துக்கு முன்பே இதைப் பார்த்திருக்கலாம். கைதட்டல் சத்தத்தில் பார்க்கத் தோன்றவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"என்டரை எடுத்தா எண்ணிக்கை பாதாளத்துக்குப் போயிடும்மா. பாதுகாப்புத் திருத்தம் யாருக்கும் போய்ச் சேராது," என்றார் மேலாளர். அவர் சொன்னதும் பொய்யில்லை.

"இவங்க யாரும் சரின்னு சொல்லல சார். நாமளா எடுத்துக்கிட்டோம்."

இரண்டு மாதம் மல்லுக்கட்டினாள். கடைசியில் பெட்டி திரையின் ஓரத்துக்குப் போனது. எந்த விசைக்கும் அது அசையாது. அதன் மேலேயே சொடுக்கினால்தான் உண்டு. எண்ணிக்கை சரிந்தது. சுவரில் இருந்த படத்தை அவளே கழற்றி வைத்தாள்.

அக்காவின் கணினியில் புதியதை நிறுவியதும், கடல் தாண்டிப் போய்விட்ட மகளைப் போனில் அழைத்துக் கொடுத்தாள். அக்கா எழுதிக்கொண்டிருக்கும்போதே அடுத்த புதுப்பிப்புக்கான பெட்டி வந்தது. ஓரமாகக் கைகட்டி நின்றது. அக்கா அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் எழுதி முடித்து, என்டர் தட்டினாள்.

"அன்னிக்கும் நான் சரின்னுதான் எழுதினேன். பயமா இருக்கு, ஆனாலும் போயிட்டு வான்னு எழுதினேன். அதை உங்கிட்ட நான் சொல்லணும்னு ஆசைப்பட்டேன்."

மறுமுனையில் சத்தமே இல்லை. அக்கா கொஞ்சம் காத்திருந்துவிட்டு மறுபடி எழுதினாள்.

"ஏதாவது சொல்லுடி. மௌனம் சம்மதம்னு எடுத்துக்கிற ஆள் நான் இல்ல."