எட்டாம் புத்தகத்துக் கழுதைக்காரன்

புதிய புத்தகம் கைக்கு வந்ததும் நோங் ஒஸ்திங், அதாவது ஒஸ்திங் அண்ணன், மீன் வெட்டும் கத்தியால் அதை நான்காக அறுப்பார். எண்ணூறு பக்கத் தடிமன் அவர் சவாரி ஓட்டும் டிரைசைக்கிளின் இருக்கைக்கு அடியில் நுழையாது. ஒவ்வொரு துண்டையும் பழைய டியூபிலிருந்து வெட்டிய ரப்பர் வளையத்தால் கட்டி, அன்றைய துண்டை மட்டும் கால்சட்டைப் பையில் செருகிக்கொள்வார். ஒன்பது வருடமாக இப்படித்தான். பன்னிரண்டு புத்தகங்கள், ஒரே கதை: ஒரு ராணி, அவள் இழந்த மலைநாடு, அதை மீட்கப் போகும் படை.

பிலிப்பைன்ஸின் துமகெத்தே நகரச் சந்தை முனையில் வண்டிகள் வரிசையாக நிற்கும். முதல் வண்டிக்குத்தான் அடுத்த சவாரி. காத்திருக்கும் நேரத்தில், ஆங்கிலத்தில் படித்ததை ஒஸ்திங் பிசாயா மொழியில் சொல்வார். போர் உச்சத்தில் இருக்கும்போது ஆள் வந்தால் முதல் வண்டிக்காரர் அசையமாட்டார்.

"கொஞ்சம் இருங்கக்கா, கோட்டைக் கதவு இப்பத்தான் உடையுது."

"என் மீனு நாறுதுய்யா! உங்க கோட்டை இடிஞ்சா எனக்கென்ன?"

"நான் ஒண்ணும் சேக்கமாட்டேன், புத்தகத்துல இருக்கிறதுதான்" என்பது ஒஸ்திங்கின் பெருமை. கதையில் யாராவது செத்தால், அந்தப் பக்கத்தைத் திறந்து பெயரின்மேல் விரல் வைத்துக் காட்டுவார்.

எட்டாம் புத்தகத்தில் படை பனியில் நடக்கத் தொடங்கியது. நடந்துகொண்டே இருந்தது. ராணியின் ஆடைக்கு மூன்று பக்கம், விருந்துக்கு ஐந்து பக்கம்.

"இன்னிக்கு என்னாச்சு நோங்?"

"நடந்தாங்க."

"நேத்தும் நடந்தாங்களே! என் வண்டிய வேணா அனுப்பட்டுமா?" என்றார் பக்கத்து வண்டிக்காரர் குலாஸ். ஆளாளுக்குக் கைபேசியை எடுத்தார்கள்.

பதினேழாம் நாள், எந்தப் பக்கத்திலும் இல்லாத மோரக் ஒஸ்திங்கின் வாயிலிருந்து வந்துவிட்டான். படைக்கு உப்பு சுமக்கும் கோவேறு கழுதைக்காரன். ஒற்றைக் காது. ராணியையே 'வழிய விடும்மா' என்று அதட்டுகிறவன். கைபேசிகள் பைக்குள் போயின. அடுத்த புத்தகம் வேகம் பிடித்த பிறகும் அவனை அனுப்ப முடியவில்லை. "மோரக் எங்க?" என்றுதான் பேச்சே தொடங்கும்.

தெல்ஃபின் தன் புது வண்டியின் முகப்பில் 'மோரக்' என்று சிவப்பில் எழுதி வாங்கினார். "ராணி பேரு எல்லாருக்கும் தெரியும். உப்புத் தூக்கறவன் பேரு எவனுக்குத் தெரியும்? அதான் போட்டேன்."

ஒஸ்திங் பன்னிரண்டாவதை முடித்து இரண்டு மாதம் ஆகிறது. மலைநாடு மீண்டுவிட்டது. யார் யார் என்ன ஆனார்கள் என்று கடைசி அத்தியாயத்தில் பெயர் பெயராக அச்சிட்டிருக்கிறது. விரல் வைத்துக் காட்ட மோரக்குக்கு மட்டும் ஒரு வரி இல்லை. இந்த உண்மையைச் சொன்னால், ஒன்பது வருடத்தில் எது புத்தகம், எது ஒஸ்திங் என்று யார் நம்புவார்கள்? அவனைச் சாகடிக்கவும் மனம் வரவில்லை. அதனால் "இன்னும் நாப்பது பக்கம் இருக்கு" என்றே சொல்லிவருகிறார்.

இன்று காலை, தின்று முடித்த புட்டோ அரிசிப் பலகாரத்தின் வாழையிலையைக் கசக்கி எறிந்துவிட்டு தெல்ஃபின் நேராக வந்தார். "நோங், ராணி கதையெல்லாம் மெதுவா வரட்டும். நம்ம ஆளு வீடு போய்ச் சேந்தானா இல்லையா? எந்தப் பக்கம்னு காட்டுங்க, போதும்."

"நாளைக்கு" என்றார் ஒஸ்திங். பையிலிருந்த துண்டை எடுக்கவில்லை. தெல்ஃபினின் வண்டிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, தன் சட்டை நுனியால் அந்தச் சிவப்பு எழுத்துகளின்மேல் காய்ந்திருந்த மழைச்சேற்றை ஒவ்வொன்றாகத் துடைக்கத் தொடங்கினார்.