காணாமல் போன துணைக்கால்

“அக்கா, இந்த மாத்திரையப் போட்டா வண்டி ஓட்டியே ஆகணுமா?”

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், முருகேசன் என்னிடம் இப்படிக் கேட்டுவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு அவர் நீட்டிய மருந்து உறையைப் பார்த்தேன். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் ஒரு கடைவீட்டு மாடியில், வெளிநாட்டு ஊழியர்களுக்காக ஞாயிறுதோறும் இலவச கிளினிக் நடக்கிறது. டாக்டர் முதல் டோக்கன் கொடுப்பவர் வரை எல்லோரும் தொண்டூழியர்கள். என் வேலை, மருந்து உறைகளில் தமிழ் லேபிள் ஒட்டுவது. டாக்டர் சீனப் பெண்மணி. தமிழ் வாசிக்கத் தெரியாது. பத்திரிகையில் வாரா வாரம் பத்தி எழுதுகிற எனக்கு இரண்டு வரி லேபிள் வாசிக்கத் தெரியாதா என்ன?

தெரியும்தான். ஆனால் அன்று வாசிக்கவில்லை. கம்ப்யூட்டர் திரையில் பார்த்தேன், சரியாக இருந்தது. பிரிண்டரிலிருந்து வந்ததை உரித்து உரித்து ஒட்டிக்கொண்டே இருந்தேன்.

திரையில் இருந்தது இதுதான்: ‘இந்த மாத்திரையைச் சாப்பிட்ட பின் வண்டி ஓட்ட வேண்டாம்.’

லேபிளில் துணைக்கால் (‘ா’) மட்டும் விழவில்லை. ஒரு இடத்தில்கூட. அது நிற்க வேண்டிய இடத்தில் வெறும் இடைவெளி. ‘ம த்திரை’ என்றிருந்தால் மாத்திரை என்று யாரும் வாசித்துவிடுவார்கள். ஆனால் ‘வேண்ட ம்’? வேண்டாம் என்றும் வாசிக்கலாம். வேண்டும் என்றும் வாசிக்கலாம்...

அது தூக்கம் வரவழைக்கும் சளி மாத்திரை. முருகேசன் ஜூரோங் கப்பல் பட்டறையில் சரக்கு தூக்கும் போர்க்லிப்ட் வண்டி ஓட்டுகிறவர்.

விஷயத்தைச் சொன்னதும் டாக்டர் ஒரே வார்த்தைதான் சொன்னார். “ஸ்டாப்.” பிரிண்டரை அணைத்தோம். அன்று அந்த மாத்திரை வாங்கிப்போன பதினோரு பேரின் பட்டியலை எடுத்தோம். நான் போன் போட்டேன். பத்துப் பேர் எடுத்தார்கள். பதினோராவது ஆள் செல்வம். போன் அணைக்கப்பட்டிருந்தது. தங்குமிடம், கிராஞ்சி விடுதி. வேலை என்ற இடத்தில் ‘லாரி ஓட்டுநர்’ என்று எழுதியிருந்தார்.

இந்த ஊரில் காலையில் ஓடும் லாரிகளின் பின்தட்டில் வேலைக்குப் போகும் ஊழியர்கள்தான் உட்கார்ந்திருப்பார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

“வாங்கக்கா, நான் கூட வர்றேன். அந்த டார்ம்ல எங்க ஊர்க்காரங்க இருக்காங்க” என்றார் முருகேசன். காய்ச்சலோடு வந்தவர். வாரத்தில் ஒரே விடுமுறை நாள். டாக்ஸி பிடித்தோம். வழியெல்லாம் செல்வத்தின் எண்ணை மாற்றி மாற்றி அழுத்தினோம்.

விடுதி வாசலில் காவலாளி எங்களை உள்ளே விடவில்லை. முருகேசனின் ஊர்க்காரர் ஒருவர் அறை அறையாகத் தேடிப்போனார். இருபது நிமிடம் கழித்து, தோளில் துண்டோடு செல்வம் வந்தார். போன் சார்ஜில் கிடக்கிறதாம்.

“மாத்திரை போட்டுட்டீங்களா தம்பி?”

“இன்னும் இல்லக்கா. காலையில வண்டி எடுக்கறதுக்கு முன்னாடிதானே போடணும்? சாப்பிட்டதும் வண்டி ஓட்டணும்னு போட்டிருக்கே!”

வேலியைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக விளக்கிச் சொன்னேன். அவர் உறையை இன்னொரு தடவை பார்த்தார். “அடப்பாவி... முப்பது பேரு வருவாங்கக்கா பின்னாடி” என்றார்.

பயம் இறங்கியதும் கோபம் ஏறியது. யார் இந்த மென்பொருளைச் செய்தது?

கிளினிக்கின் கம்ப்யூட்டரைக் கவனிக்கும் தொண்டூழியரைக் கேட்டேன். லேபிளை அச்சுக்கோத்துத் தருவது ஓர் இலவச மென்பொருளாம். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், திருத்தலாம். அதில் தமிழ் எழுத்துகளைச் சரியாக அடுக்குவதற்கென்று ஒரு சிறிய பேக்கேஜ். அதற்கு முந்தைய வாரம்தான் அதன் புதிய பதிப்பை இறக்கியிருக்கிறார். பராமரிப்பாளர் என்ற இடத்தில் ஒரு பெயரும் மெயில் முகவரியும் இருந்தன: நஸ்ரின்.

திங்கள் காலை அவருக்கு ஒரு மெயில் அனுப்பினேன். அதில் நான் பயன்படுத்திய சில வார்த்தைகளை இந்தப் பக்கத்தில் ஆசிரியர் அனுமதிக்க மாட்டார்.

அரை மணி நேரத்தில் பதில். முதல் வரி: ‘யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டதா?’ அதற்குப் பிறகுதான் என்ன பிரிண்டர், எந்தப் பதிப்பு என்ற கேள்விகள்.

மதியத்துக்குள் அந்தப் பதிப்பை விலக்கிவிட்டார். அது இருந்த பக்கத்தில், உலகமே பார்க்கும்படி, தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு அறிவிப்பு. ‘இதைப் பயன்படுத்தாதீர்கள். அச்சில் துணைக்கால் விடுபடுகிறது. பொருள் தலைகீழாக மாறலாம். சரியாகச் சோதிக்காமல் வெளியிட்டது என் தவறு.’

மாலையில் இன்னொரு மெயில். ‘என்னிடம் லேபிள் பிரிண்டர் இல்லை. உங்கள் கிளினிக்குக்கு வந்து சோதிக்கலாமா? நான் பிடோக்கில் இருக்கிறேன்.’

பிடோக்கா! இதே சிங்கப்பூரிலா! அமெரிக்காவிலோ ஜெர்மனியிலோ, கண்ணாடிக் கட்டடத்தில் இருக்கும் ஒரு கம்பெனியை அல்லவா நான் திட்டியிருந்தேன்?

செவ்வாய் சாயங்காலம் நஸ்ரின் வந்தார். நாற்பது வயதிருக்கும். தலையில் சாம்பல் நிறத் துடோங் முக்காடு, முதுகில் லேப்டாப் பை. கப்பல் சரக்கு அலுவலகத்தில் வேலை. அன்று அரை நாள் லீவு போட்டிருக்கிறார். என் மெயிலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நேராக பிரிண்டர் முன்னால் உட்கார்ந்தார்.

காரணம் சிறியதுதான். கோப்பின் அளவைக் குறைக்க ஒரு மாற்றம் செய்திருக்கிறார்கள். சாதாரண பிரிண்டரில் அது ஒன்றும் செய்யவில்லை. லேபிள் பிரிண்டரில் மட்டும் துணைக்காலை விழுங்கிவிட்டது. நஸ்ரின் ஒரு வரியைத் திருத்துவார், ஒரு லேபிள் அடிப்பார், விரல் வைத்து எழுத்து எழுத்தாக வாசிப்பார். மறுபடி திருத்துவார். கா, ஙா, சா... ஒவ்வோர் எழுத்துக்கும் இதே கதை. மேஜை முழுக்க லேபிள். இத்தனை வருடம் தமிழில் எழுதுகிறேன், தமிழை இவ்வளவு பொறுமையாக நான் பார்த்ததே இல்லை.

இரண்டு மணி நேரம் கழித்து, ‘வேண்டாம்’ கால் ஊன்றி நின்றது.

கீழே கடையில் தே ஆலியா என்கிற இஞ்சி டீ குடித்தோம்.

“அந்த மாத்தத்த நீங்களா எழுதினீங்க?” என்று கேட்டேன்.

“இல்ல, வேற ஒருத்தர் அனுப்பினாரு. ஆனா செக் பண்ணி ரிலீஸ் பண்ணது நான். அப்ப தப்பு என்னோடதுதான்லா.”

அந்த ஒருவரின் பெயரைக் கடைசிவரை அவர் சொல்லவில்லை.

“இந்த வேலை எப்படி உங்ககிட்ட வந்துச்சு?”

“முன்னாடி பார்த்தவருக்கு டைம் இல்லாம போச்சு. யாராவது எடுத்துக்கறீங்களான்னு கேட்டு எழுதினாரு. ரெண்டு மாசம் யாரும் கை தூக்கல. சரின்னு நான் தூக்கிட்டேன். ஏழு வருஷம் ஆச்சு.”

“புதுசு புதுசா செய்வீங்களா?”

“அதெல்லாம் இல்ல. மத்தவங்க அவங்கவங்க சாஃப்ட்வேர அப்டேட் பண்ணுவாங்க. ஒவ்வொரு தடவையும் தமிழ் எங்கயாவது உடையும். அத ஒட்டணும். அவ்ளோதான்.”

எனக்கு ஒன்று மட்டும் உறுத்தியது. ஓசையில்லாமல் திருத்தியிருக்கலாமே? எதற்காக ஊரறிய ‘என் தவறு’ என்று எழுத வேண்டும்?

நஸ்ரின் கோப்பையைக் கீழே வைத்தார்.

“உங்ககிட்ட பதினோரு பேரு லிஸ்ட் இருந்துச்சு, போன் பண்ணீங்க. என்கிட்ட லிஸ்ட்டே கிடையாது. இத யாரு எடுத்தாங்க, எதுக்கு எடுத்தாங்க, எங்க என்ன அச்சடிக்கிறாங்க... எதுவுமே தெரியாது. போர்டு எழுதி மாட்டறத விட்டா எனக்கு வேற வழி?”



நான் எழுதுவது தப்பாகிப்போனால் அடுத்த வாரம் மூலையில் ஒரு சின்னத் திருத்தம் வரும், அதுவும் நீங்கள் கண்டுபிடித்துக் கேட்டால். எழுதியது சரியாக இருந்தால் மேலே என் பெயர், பக்கத்தில் என் படம். நஸ்ரினுக்கு இது நேர் எதிர். வேலை சரியாக நடக்கும்வரை அவர் இருப்பதே யாருக்கும் தெரியாது. தவறும் நாளில் மட்டும் பெயரைத் தேடிப்பிடித்து மெயில் அனுப்புகிறோம். நான் அனுப்பினேனே!

புதிய பதிப்பு வியாழக்கிழமை வெளிவந்தது. அடுத்த ஞாயிறு லேபிள்களை ஒவ்வொன்றாக வாய்விட்டு வாசித்து ஒட்டினேன். வீட்டுக்கு வந்ததும், முதல் மெயிலுக்குப் பரிகாரமாக, நஸ்ரினுக்கு நீளமாக ஒரு நன்றி எழுதினேன். மூன்று நாள் பதில் இல்லை. கோபம் இன்னும் தீரவில்லை போலிருக்கிறது என்று பயந்து போன் போட்டேன்.

“ஐயோ, இப்பதான்லா பார்த்தேன். ஸ்பேம்ல கிடந்துச்சு!” என்றார்.

நான் திட்டி எழுதியது மட்டும் நேராக இன்பாக்ஸுக்குப் போயிருந்தது. ‘நன்றி’ என்ற சொல் அந்த மெயில் பெட்டிக்கே பழக்கமில்லை!