சும்மா இருந்த மூன்று வருடம்

“ஜோதி” என்று யாரோ கூப்பிட்டார்கள். சௌம்யா திரும்பினாள். அது அவளுடைய அக்காவின் பெயர்.

ஷிப்ட் முடிந்து கம்பெனி கேட்டிலிருந்து பெண்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். சாலையோரம் வரிசையாக நின்ற பஸ்களில் குடியாத்தம் வண்டி மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. கூப்பிட்டது நசீமுன்னிசா. ஷூவின் மேல்பாகம் தைக்கும் பிரிவில் சூப்பர்வைசர். லாரிக்கு வழிவிட்டு, புர்காவைச் சற்றுத் தூக்கிப் பிடித்தபடி சாலையைக் கடந்து வந்தாள்.

“இன்னா ஜோதி, காலேஜுக்குப் போனா வெளுப்பாங்கன்னு பார்த்தா இன்னும் கறுத்துட்டிருக்க. திரும்ப வேலைக்கு வர்றியா? உன் மெஷின்ல ஒண்ணு உக்காந்துட்டு இருக்கு. ஊசியா ஒடிச்சுத் தள்ளுது.”

“வேலைக்கு இல்ல நசீமாக்கா. ஒரு லெட்டர் வேணும்.”

“இன்னா லெட்டர்?”

“நான் இங்க மூணு வருஷம் வேல செஞ்சேன்னு.”

“அதான் நின்னப்பவே குடுத்தாங்களே.”

“அது ஜோதி பேர்ல இருக்கு.”

நசீமுன்னிசாவின் முகத்திலிருந்து சிரிப்பு போனது. பக்கத்தில் நின்ற பெண்களைப் பார்த்துவிட்டு, அவள் கையைப் பிடித்து டீக்கடைக்குப் பின்னால் அழைத்துப்போனாள்.

சௌம்யா பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மாதத்தில் அப்பா செல்வகுமார் லாரியின் மேலிருந்து விழுந்தார். லோடு ஏற்றும் வேலை அவருக்கு. இடுப்பெலும்பு முறிந்தது. அம்மா அதற்கு முன்பே இறந்துவிட்டிருந்தாள். வீட்டில் இரண்டு பெண்கள். ஒருத்தி சம்பாதிக்க வேண்டும், ஒருத்தி அப்பாவைத் தூக்கி உட்கார வைக்க வேண்டும். ஜோதிக்கு வயது பத்தொன்பது. அகன்ற தோள். தூக்க அவளால்தான் முடிந்தது. சௌம்யாவுக்குப் பதினேழு. பதினெட்டு ஆகாதவர்களைக் கம்பெனி எடுக்காது.

நசீமுன்னிசா அப்போது அவர்கள் தெருவுக்கு ஆள் சேர்க்க வந்திருந்தாள். அக்காவின் ஆதார் அட்டையை எடுத்துவரச் சொன்னாள். அதிலிருந்த முகம் யாருடையதாகவும் இருக்கலாம். கைரேகை மெஷினில் வைத்த விரல் சௌம்யாவுடையது. பதிந்த பெயர் செ. ஜோதி. சில மாதங்களில் அவளுக்குப் பதினெட்டு ஆனது. ஆனாலும் பெயரை மாற்றினால் ஏன் மாற்றுகிறாய் என்று கேட்பார்கள். மாற்றவில்லை. மூன்று வருடம் கம்பெனிக்குள் அவள் ஜோதியாகவே இருந்தாள்.

அப்பா கம்பு ஊன்றி நடக்க ஆரம்பித்ததும் அவள் வேலையை விட்டுவிட்டு வேலூரில் காலணி வடிவமைப்புப் படிப்பில் சேர்ந்தாள். ஜோதி தன் பெயரில் இருந்த அனுபவச் சான்றிதழை எடுத்துக்கொண்டு பேரணாம்பட்டுப் பக்கம் வேறொரு கம்பெனிக்குப் போனாள். அனுபவமுள்ள டெய்லர் என்று எடுத்துக்கொண்டார்கள். அதற்கு முன் ஒரு மாதம் பக்கத்து வீட்டுத் தையல் மெஷினில் சௌம்யா அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாள். இப்போது வீடு ஓடுவது ஜோதியின் வேலையில்.

“போர்ச்சுகல்ல ஒரு காலேஜுக்கு ஆறு மாசம் அனுப்புறாங்க நசீமாக்கா” என்றாள் சௌம்யா. “எல்லாத் தகுதியும் இருக்கு. ப்ளஸ் டூவுக்கும் காலேஜுக்கும் நடுவுல மூணு வருஷம் இன்னா பண்ணன்னு ஆதாரம் கேக்குறாங்க.”

நசீமுன்னிசா கேட் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

“சின்னப் பொண்ண வேற பேர்ல கொண்டாந்தது யாருன்னு மொதல்ல கேப்பாங்க. ஷூ வாங்குற பையர் கம்பெனிக்காரன் அடுத்த வாரம் ஆடிட்டுக்கு வர்றான். பொண்ணுங்கள நிக்க வெச்சு வயசு கேப்பான். எனக்கு இன்னும் ரெண்டு பசங்கள கரையேத்தணும்.”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா வந்த?”

“வேற யார்கிட்ட கேக்குறது?”

குடியாத்தம் வண்டி ஹார்ன் அடித்தது. நசீமுன்னிசா அவள் தோளில் கை வைத்தாள். “நீ வேல செஞ்சது எனக்குத் தெரியும். அல்லாவுக்குத் தெரியும். எங்க ரெண்டு பேராலயும் லெட்டர் குடுக்க முடியாது” என்றாள். பிறகு பஸ்ஸை நோக்கி ஓடினாள்.

கல்லூரியில் வெளிநாட்டுப் பரிமாற்றத்தைப் பார்த்துக்கொண்டவர் தமிழ்வேந்தன். மறுநாள் சௌம்யா அந்தச் சான்றிதழின் நகலை அவர் மேசையில் வைத்தாள். காட்டலாமா என்று படியேறும்போதும் அவளுக்குத் தெரியவில்லை.

“அரியர் இல்ல. மார்க் இருக்கு. நாலு செமஸ்டர் முடிஞ்சுது. பாஸ்போர்ட் ரெடி” என்று அவர் விரல்விட்டுச் சொன்னார். “இந்த இடைவெளிதான். ஒரு வருஷத்துக்கு மேல போனா அவங்க ஆதாரம் இல்லாம ஒத்துக்க மாட்டாங்க.” சான்றிதழைப் பார்த்தார். “ஜோதிங்கறது வீட்ல கூப்பிடுற பேரா? அப்ப சுலபம். ஜோதியும் சௌம்யாவும் ஒரே ஆள்னு நோட்டரி கிட்ட ஒரு பிரமாணப் பத்திரம் வாங்கிடு. வருஷா வருஷம் நாலு பேர் குடுக்குறாங்க. ஒருத்தனுக்கு ஆதார்ல ஒரு பேரு, மார்க்ஷீட்ல ஒரு பேரு, பாஸ்போர்ட்ல அவங்க தாத்தா பேரு.”

“ரெண்டு ஆள் சார்.”

“என்னது?”

“ஜோதி எங்க அக்கா.”

தமிழ்வேந்தன் நகலைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினார். விசிறியின் காற்றில் அது பறக்கப் பார்த்தது. அவரே விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

“இத நீ எங்கிட்ட காட்டல” என்றார். “நானும் பாக்கல.”

“சரி சார்.”

“சும்மா இருந்தேன்னு குடுத்துரு. வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்ல, பார்த்துக்கிட்டேன், அந்த மாதிரி.”

“சும்மா இருந்தா பரவாயில்லையா சார்?”

“சும்மா இருக்கிறதுல தப்பே இல்லம்மா. ஆதாரத்தோட சும்மா இருக்கணும். அப்பாவோ அம்மாவோ உறுதிமொழி குடுத்தாப் போதும்.” அவளுடைய விண்ணப்பக் கட்டுரையைக் கோப்பிலிருந்து எடுத்தார். “ஆனா இதுல முதல் பக்கம் பூரா கம்பெனிதான். இதையும் மாத்தணும். ரெண்டும் ஒத்துப்போகலைன்னா மொத்தமா தள்ளிடுவாங்க.”

“அத எடுத்துட்டா இன்னா சார் மிச்சம் இருக்கும்?”

அவர் முதல் பக்கத்தை மறுபடி படித்தார். “தெரியல” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஜோதி கம்பெனி ஓவர்கோட்டை ஊறவைத்துக்கொண்டிருந்தாள். சௌம்யா எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். அப்பா வாசலில் நாற்காலியில் இருந்தார். அவர் காதில் விழும் தூரம்தான்.

“உண்மையச் சொல்லிட்டா?” என்றாள் ஜோதி.

“நசீமாக்கா வேல போயிடும். உன்னுதும் போயிடும்.”

“எனக்கு இருந்தது ஒரு பேரு. அதையும் மூணு வருஷம் போட்டு அழுக்காக்கித் திருப்பிக் குடுத்த. இப்ப அத வெச்சுத்தான் சோறு திங்கிறோம்.” ஜோதி கையிலிருந்த நுரையை உதறினாள். “ஏய், மூஞ்சிய இப்படி வெச்சுக்காத. அந்த மூணு வருஷம் வீட்ல ஒருத்தி இருந்தா இல்ல? அத நீ எடுத்துக்க.”

“எத?”

“நான் இருந்தத. காலைல குழாயடிக்குப் போனது, கஞ்சி வெச்சது, இவர புரட்டிப் போட்டது. யாரு வந்து பாக்கப் போறாங்க?”

“கதை கட்டச் சொல்ற.”

“கதை இல்லடி. நடந்ததுதான். ஆளுதான் வேற.”

திங்கட்கிழமை குடியாத்தம் கோர்ட்டுக்கு எதிரே தட்டச்சு செய்யும் பெண் விவரத்தைக் கேட்டுக்கொண்டு அப்பாவின் உறுதிமொழியை அடித்துக்கொடுத்தாள். என் இளைய மகள் சௌம்யா மேற்கண்ட காலத்தில் வேறு எந்தப் பணிக்கும் செல்லாமல், நடமாட இயலாத நிலையில் இருந்த என்னை உடனிருந்து கவனித்துக்கொண்டார் என இதன்மூலம் உறுதியளிக்கிறேன். ஜோதி அரை நாள் விடுப்புப் போட்டு அப்பாவை ஆட்டோவில் அழைத்து வந்திருந்தாள்.

செல்வகுமார் எழுத்துக்கூட்டிப் படிப்பவர். இரண்டு முறை படித்தார். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கையெழுத்துப் போடாமல் நின்றார்.

“எனக்குப் பீ மூத்திரம் அள்ளுனவ இவ” என்றார், ஜோதியைக் காட்டி. “இதுல எங்கயும் இவ பேரு இல்ல.”

தட்டச்சு செய்த பெண் தலையைத் தூக்கவில்லை.

“என் பேரப் போட்டா இன்னா பண்ணுவ? ஃப்ரேம் போட்டு மாட்டுவியா?” என்றாள் ஜோதி. “போடுப்பா. அரை நாள் லீவுதான் குடுத்திருக்கான். பேஜார் பண்ணாத.”

“பொய்யில கையெழுத்துப் போடச் சொல்றீங்க.”

“கவனிச்சது பொய்யா? நீ செத்தா போய்ட்ட? நிக்கிற இல்ல?”

அவர் போட்டார். கடைசி எழுத்தில் மை திட்டாக நின்றது. காயும்வரை நோட்டரியின் குமாஸ்தா அதன்மேல் ஊதிக்கொண்டிருந்தான்.

அன்று மாலை ஜோதி அரிசி களைந்தபடி சொல்லச் சொல்ல சௌம்யா கட்டுரையைத் திருப்பி எழுதினாள். கம்பெனியைப் பற்றிய பக்கம் போனது, அந்த இடத்தில் அப்பாவின் செருப்பு வந்தது. இடுப்பெலும்பு கூடியபோது அவருடைய இடது கால் குட்டையாகிவிட்டது. ஜோதி அந்தக் கால் செருப்புக்கு அடியில் சோல் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டே வந்தாள். அந்தத் துண்டுகள் சௌம்யா கம்பெனியிலிருந்து எடுத்துவந்தவை. அதை எழுத முடியாது. துண்டுகள் என்று மட்டும் எழுதினாள்.

“எங்க நிறுத்தணும்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது?”

“அவரு நின்னப்ப சட்டையோட ரெண்டு முனையும் ஒரே மட்டத்துல தொங்குச்சு. நிறுத்திட்டேன்.”

அதையும் எழுதினாள்.

செவ்வாய்க்கிழமை காலை தமிழ்வேந்தன் கட்டுரையையும் உறுதிமொழியையும் போர்ச்சுகலுக்கு அனுப்பினார்; பிற்பகலில் நேர்காணல். தமிழ்வேந்தனின் அறையில் கணினியைத் திறந்துவைத்துவிட்டு, படத்தில் விழாத மூலையில் அவர் நின்றுகொண்டார். திரையில் நரைத்த தலையுடன் ஒரு பெண்மணி, பக்கத்தில் ஓர் இளைஞன். பேச்சு ஆங்கிலத்தில் நடந்தது. எந்தப் பாடங்கள் எடுப்பாய், திரும்பிப் போய் மீதி செமஸ்டரை முடிப்பாயா என்று இளைஞன் கேட்டான். பிறகு அந்தப் பெண்மணி பேசினார். அவருக்குச் செருப்பைப் பற்றித் தெரிய வேண்டியிருந்தது. எதை வைத்து ஒட்டினாய், எவ்வளவு உயரம், அவர் முதலில் அதைப் போட மறுத்தாரா? சௌம்யா சொன்னாள். ஒரு விரல் உயரம். முதல் நாள் கழற்றி எறிந்தார். மறுநாள் அவரே தேடினார். சட்டை முனைகளைச் சொன்னபோது பெண்மணி நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஏதோ குறித்துக்கொண்டார்.

“நீ தனியாகவா அவரைத் தூக்கினாய்?”

“ஆமாம்.”

“வலித்திருக்குமே. கத்துவாரா?”

சௌம்யாவுக்குத் தெரியவில்லை. அந்த நேரங்களில் அவள் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். அவள் வாய் திறக்காமல் இருக்கவே இணைப்பு அறுந்துவிட்டது என்று நினைத்துத் தமிழ்வேந்தன் ஓசையில்லாமல் வயரைத் தொட்டுப் பார்த்தார்.

“இல்லை” என்றாள். “கத்த மாட்டார்.”

மாலையில் அவள் ஜோதியின் பஸ்ஸுக்காக நிறுத்தத்தில் நின்றாள். ஜோதி இறங்கியதும் டிபன் பையை அவளிடம் கொடுத்தாள். இருவரும் நடந்தார்கள்.

“தூக்கறப்ப அப்பா கத்துவாரா?”

“எப்ப?”

“அப்ப.”

“கத்துவாரு. தெருக்கோடி வரைக்கும் கேக்கும். அம்மா பேரச் சொல்லிக் கத்துவாரு.”

“நான் ஒரு நாள்கூட கேட்டதில்ல.”

“உன் பஸ் வர்ற நேரத்துக்கு நிறுத்திடுவாரு. நான்தான் சொல்லி வெச்சிருந்தேன். நாள் பூரா மெஷின் சத்தம் கேட்டுட்டு வர்றா, இதையும் கேக்கணுமான்னு.” ஜோதி செருப்பில் ஏறிய கல்லைத் தட்டினாள். “நீ இன்னான்னு சொன்ன?”

“கத்த மாட்டாருன்னு.”

“செரி. அப்படியே இருக்கட்டும்.”

வீட்டு வாசலில் அப்பா நாற்காலியில் இருந்தார். சௌம்யா உள்ளே போய் விளக்கைப் போட்டாள்.

மறுநாள் புதன்கிழமை. ஜோதி காலை ஷிப்டுக்குப் போனாள். குழாயில் தண்ணீர் வந்தது. சௌம்யா நான்கு குடம் பிடித்து வைத்துவிட்டுக் கல்லூரிக்குக் கிளம்பினாள். மதியம் அலுவலகத்துக்கு வெளியே போர்ச்சுகல் போகிறவர்களின் பட்டியல் ஒட்டியிருந்தார்கள். இரண்டு பெயர். அவளுடையது இரண்டாவதாக இருந்தது. தமிழ்வேந்தன் பாஸ்போர்ட் நகல் மூன்றும் புகைப்படம் நான்கும் கேட்டார். புகைப்படம் இரண்டுதான் இருந்தது. மீதியை நாளைக்குத் தருவதாகச் சொன்னாள். கடைசி வகுப்பு நடக்கவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் இடம் கிடைக்கவில்லை. குடியாத்தம் வரை நின்றுகொண்டே வந்தாள்.