பக்கத்து வீட்டு யானை

வழி காட்டுகிறவனுக்கு ஒரு கஷ்டம் உண்டு: அவன் கை நீட்டும் இடத்தைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள், அவனைப் பார்க்க மாட்டார்கள். ஆட்களைக் கூட்டிக்கொண்டு ஊர் சுற்றிக் காட்டியவர்கள் யாராவது இதைப் படித்தால், நான் சொல்வது உடனே விளங்கும்.

சுங்கைப்பட்டாணியில் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்து. நாடகக் கொட்டகை வந்த நாள் முதல் நடிகர்கள், ஆர்மோனியக்காரர்கள், உடுப்புத் தைப்பவர்கள் எல்லோரும் அங்கேதான் குடியிருந்தோம். என்ன சாதி என்று கேட்காமல் ஒரே அடுப்பில் சமைத்தோம். பகல் பன்னிரண்டு மணிக்குப் பல் விளக்கினோம். விடியுமுன் பிரட்டுக்குப் போய் வரிசையில் நின்று பேர் கொடுத்துவிட்டு ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிற தோட்டத்து ஜனங்களுக்கு இது பெரிய அதிசயம். ஞாயிற்றுக்கிழமை நாடகம் பார்க்க வருகிறவர்கள், முதலில் எங்கள் சந்துக்குள் ஒரு நடை போய்வர ஆசைப்பட்டார்கள். அவர்களைக் கூட்டிப்போய்ச் சுற்றிக் காட்டும் வேலையைக் கொட்டகை முதலாளி என்னிடம் கொடுத்தார். நான் கம்பெனிக்குப் பாட்டு எழுதுகிறவன். குரலும் கணீரென்று இருக்கும்.

எனக்கு அடுத்த வீட்டில் செல்லையா இருந்தான். மேடைக்குப் பின்னால் தொங்கும் படுதாக்களை வரைகிறவன்.

முதல் கூட்டம்

மெர்போக் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து பன்னிரண்டு பேர் வந்தார்கள். ஆர்மோனிய வீடு, உடுப்பு வீடு எல்லாம் காட்டிவிட்டு, என் வாசலில் நிறுத்தினேன். முந்தின நாளே மேசையைத் துடைத்து, காகிதங்களை அடுக்கி, மைக்கூட்டை நடுவில் வைத்திருந்தேன். "நீங்க தோட்டத்துல பாடுற பாட்டெல்லாம் இங்கதான் பிறக்குது" என்றேன். கொஞ்சம் இடைவெளி விட்டேன், யாராவது என்னிடம் ஏதாவது கேட்பார்கள் என்று.

இடுப்பில் குழந்தையோடு நின்ற ஒரு பெண் உள்ளே எட்டிப் பார்த்தாள். பிறகு பக்கத்து வீட்டு வேலியைப் பார்த்தாள். செல்லையா ஒரு காட்டுப் படுதாவை வெயிலில் காயப் போட்டிருந்தான்.

"எழுதினதுல பாக்க என்னண்ணே இருக்கு, அங்க ஒரு யானை நிக்குதே, அதைக் காட்டுங்க."

ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டம்மா

படிக்காத ஜனங்கள், அவர்களுக்கு எழுத்தின் அருமை எங்கே தெரியப் போகிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அடுத்த மாதம் ஸ்டேஷன் மாஸ்டரின் மனைவி வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், நன்றாகப் படித்தவர். என் பாட்டு ஒன்றை வாங்கி, நின்றபடியே முழுவதும் படித்தார். ஓரிடத்தில் சந்திப் பிழை இருப்பதைக்கூடச் சொன்னார். எனக்குக் கோபமே வரவில்லை. படித்ததால்தானே பிழை தெரிந்தது.

அதற்குப் பிறகு செல்லையா வீட்டுக்குள் போனார். நான் வாசலில் நின்றேன். வெகு நேரம் கழித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். என் முகத்தில் ஏதோ தெரிந்திருக்க வேண்டும், ஆறுதலாகப் பேசினார்.

"நீங்கள் எழுதினதும் நல்லாத்தான் இருக்கு. ஆனா அவர் கீறின கடல் படத்தைப் பார்க்க எனக்கு ஊர் ஞாபகம் வந்திட்டுது."

வழியை மாற்றினேன்

செல்லையா வீட்டை முதலில் காட்டி முடித்துவிட்டால், கடைசியில் என் வீட்டில் நிதானமாக நிற்பார்கள் என்று கணக்குப் போட்டேன். முதலில் போனவர்கள் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள். கொட்டகை மணி அடித்ததும் நேராக நாடகத்துக்கு ஓடினார்கள். என் மனைவி, வருகிறவர்களுக்காகக் கலக்கி வைத்திருந்த கோப்பியை எடுத்துக்கொண்டு செல்லையா வீட்டுக்கே போய்க் கொடுத்துவிட்டு வந்தாள். ஆர்மோனியக்காரர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"நீ ஆள் கூட்டிட்டு வர்றது அவனுக்குத்தான்பா, பேசாம ஒத்துக்க லா."

குருண்காரர்கள்

இதைச் சொல்ல எனக்கு இன்றும் வெட்கம்தான். செல்லையாவுக்கு ஒரே ஆசை இருந்தது. "துணியைச் சுருட்டிக் கட்டிடுறாங்கண்ணே, மடிப்புல சாமி முகமே உதிர்ந்து போவுது. ஒரு தடவையாவது சுவர்ல வரையணும்" என்று என்னிடம்தான் அடிக்கடி சொல்வான்.

ஒரு ஞாயிறு மதியம் குருண் பக்கத்துத் தோட்டத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள். மாரியம்மனுக்குப் புதிதாகக் கோயில் கட்டியிருக்கிறார்களாம். சுவர் முழுக்கப் படம் வரைய ஆள் வேண்டும். "யானைப் படுதா போட்டவரு வீடு எது?" என்று அவர்களில் பெரியவர் கேட்டார். செல்லையா காய்ச்சலில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தான். என் வாய் என்னைக் கேட்காமலே பேசியது. அவன் பினாங்குக்குப் போயிருக்கிறான், திரும்பி வர இரண்டு மாதமாவது ஆகும் என்றேன்.

இரண்டு பேர் முகம் வாடி நின்றார்கள். பெரியவர் மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நல்ல வேளை உங்ககிட்ட கேட்டோம், பாட்டு எழுதுறவரு பொய் சொல்ல மாட்டீங்க."

ரயிலேறினேன்

மூன்று நாள் சோறு இறங்கவில்லை. புதன்கிழமை காலை ரயிலேறிக் குருணில் இறங்கி, செம்மண் சடக்குப் பாதையில் நடந்து அந்தத் தோட்டத்தைக் கண்டுபிடித்தேன். வேலை முடிந்து வந்த பெரியவர், லயத்து வீட்டு வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தார். செல்லையா எங்கேயும் போகவில்லை, நான் சொன்னது பொய் என்றேன். ஏன் என்று கேட்டார்.

"எல்லாரும் அவனையே பாக்குறாங்க. என்னால தாங்க முடியல."

அவர் திட்டவில்லை. கோயில் பக்கம் திரும்பினார். சுவருக்கு அப்போதுதான் வெள்ளை அடித்திருந்தார்கள்.

"வேற ஆளுக்கு இன்னும் வாக்குக் கொடுக்கல, அவரை வரச் சொல்லுங்க. நடந்ததை நாங்க சொல்ல மாட்டோம், நீங்களே சொல்லிடுங்க."

செல்லையா

திரும்பி வந்தபோது அவன் தூரிகைகளைக் கழுவிக்கொண்டிருந்தான். காய்ச்சல் விட்டிருந்தாலும் முகம் வற்றிப் போயிருந்தது. எதையும் மறைக்காமல் சொன்னேன். தலையை நிமிர்த்தாமலே கேட்டுக்கொண்டான். அடிப்பான் என்றுகூட எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"தெரியும்" என்றான். "முழிச்சுக்கிட்டுதான் படுத்திருந்தேன். நீங்க பேசினது எல்லாம் கேட்டுச்சு."

"அப்ப ஏன்டா வெளிய வரல?"

ஒரு தூரிகையைக் கழுவி முடித்து, உதறி, வெயிலில் வைத்த பிறகுதான் பதில் சொன்னான்.

"நீங்களே அவங்களைத் திருப்பிக் கூப்பிடுவீங்கன்னு நெனச்சேண்ணே."

மறுநாள் என்னிடம் சொல்லாமலே குருணுக்குப் புறப்பட்டுப் போனான். கும்பாபிஷேகம் முடிந்து பல நாள் கழித்து, நான் தனியாகப் போய் அந்தச் சுவரை மூலைக்கு மூலை பார்த்தேன். குறை சொல்ல ஒன்றுகூட அகப்படாமல் திரும்பி வந்தேன்.