வேலியோரம் ஒரு மீனாட்சி

இந்த ரங்கூனில் என்னைக் காலையில் எழுப்புவது சேவலும் அல்ல, ஆலைச் சங்கும் அல்ல. பக்கத்து வீட்டுப் பர்மாக்காரி மா தின் வேலியோரம் வந்து நின்று, “மீனாட்சி!” என்று கூப்பிடுவாள். கன்னத்தில் தனாக்கா மரப்பட்டையை அரைத்துச் சந்தனம்போல் பூசியிருப்பாள். வாயில் சுருட்டு புகைந்துகொண்டிருக்கும். பெரிய விஷயம் ஒன்றும் இருக்காது. கீரை வேண்டுமா என்பாள், குழாயில் தண்ணீர் வந்துவிட்டது என்பாள். முதல் தடவை கூப்பிடும்போது நான் பேசாமல் கிடப்பேன். இரண்டாவது தடவைதான் உறைக்கும், அட, நம்மைத்தான்! சொந்தப் பெயரைக் கேட்டு முழிக்கிறவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். அப்படி இல்லை என்று போன சாரல் காலத்தில் ஊருக்குப் போனபோது தெரிந்துகொண்டேன்.

அச்சன்புதூரில் நான் பிறந்தபோது வைத்த பெயர் மீனாட்சி. அந்தப் பெயரின்மேல் எனக்குச் சின்ன வயதிலேயே ஒரு மிதப்பு உண்டு. மதுரையில் கிளியும் கையுமாக நிற்கிறவள் மீனாட்சி. புலவர்கள் அவளைக் குழந்தையாக்கித் தாலாட்டி, முத்தம் கேட்டுப் பாடி வைத்திருக்கிறார்கள். அதே மதுரையைப் பிற்காலத்தில் ஆண்ட ராணிக்கும் அந்தப் பெயர்தான். பாவி மக்கள் அவளை நம்பவைத்து மோசம் செய்துவிட்டார்கள் என்று பள்ளிக்கூடத்து வாத்தியார் சொல்லும்போது எனக்குச் சொந்தக்காரியைச் சொல்வதுபோல் இருக்கும். தென்காசிக்கு நாடகக் கம்பெனி வந்தால் அதில் ஒரு மீனாட்சி இருப்பாள். கிராமபோன் தட்டில் இருப்பாள், தீப்பெட்டிப் படத்தில் இருப்பாள், காப்பி கிளப் பலகையில் இருப்பாள். இப்போது பேசும் படமான டாக்கியிலும் வந்துவிட்டாள். ரங்கூன் தமிழர் கடைகளில் தொங்கும் காலண்டரில்கூடப் பச்சை நிறத்தில் சிரித்துக்கொண்டிருக்கிறாள். ஊர் உலகமெல்லாம் புழங்குகிற அந்தப் பெயர் என் வீட்டுக்குள் மட்டும் புழங்கக் கூடாது என்றாகிவிட்டது.

காரணம், குற்றாலத்தில் என்னைக் கட்டிக்கொடுத்த வீட்டில் மாமியார் பெயரும் மீனாட்சி. எங்கள் பக்கத்தில் மாமியார் பெயரோடு ஒரு மருமகள் வந்தால், வந்தவள் பெயரை மாற்றிவிடுவார்கள். மகன் பெண்டாட்டியை அதட்டினால் அது பெற்றவளை அதட்டியதுபோல் ஆகிவிடும் அல்லவா? மருமகளும் மாமியார் பெயரை வாயால் சொல்லக் கூடாது. ஆகவே பாலும் பழமும் கொடுத்த கையோடு என்னைச் செல்லம்மாள் ஆக்கினார்கள். என்னிடம் யாரும் கேட்கவில்லை. புதுப்பெண்ணிடம் யார் எதைக் கேட்டார்கள்?

என் வீட்டுக்காரருக்கு இங்கே அரிசி ஆலையில் கணக்கப்பிள்ளை வேலை. குடிவந்த அன்று மா தின் என் பெயரைக் கேட்டபோது, கடல் தாண்டி வந்துவிட்ட துணிச்சலோ என்னவோ, “மீனாட்சி” என்று வாயில் வந்துவிட்டது. மறுநாள் வேலியோரம் அவள் கூப்பிட்டதைக் கேட்டு இவர் சவரக் கத்தியோடு வெளியே வந்தார்.

“ஏளா, எங்கம்மை பேரை அவ என்ன, மீன் விக்கவ மாதிரி கூவுதா? செல்லம்மான்னு சொல்லிக்குடு.”

சொல்லிப் பார்த்தேன். மா தின்னுக்குக் கடைத்தெருவில் பழகிய அரைகுறைத் தமிழ் உண்டு. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “மாமியா உன் பேர் வாங்கியாச்சா? எவ்வளவு குடுத்தா?” என்றாள்.

விற்கவில்லை, இது மரியாதை என்றேன்.

“அவ செத்தா திருப்பித் தருவாளா?”

எனக்கு வந்த சிரிப்பில் இடுப்புக் குடம் தளும்பிவிட்டது. பர்மாக்காரர்கள் பிறந்த கிழமையைப் பார்த்துப் பெயர் வைக்கிறார்கள். கல்யாணம் ஆனாலும் பெண்ணின் பெயர் அவளுடையதுதான். எங்கள் தெருவில் மட்டும் நான்கைந்து மா தின் இருக்கிறார்கள். ஒருத்தியால் இன்னொருத்தியின் மரியாதை குறைந்ததாகத் தெரியவில்லை. அதனால் அவள் மீனாட்சி என்றே கூப்பிட்டாள். வெளியே இவரோடு சேர்ந்து முகம் சுளித்தேன். உள்ளே எனக்குச் சந்தோஷம்தான்.

எனக்குப் பெண் பிறந்ததும் ஊரிலிருந்து மாமியார் சொல்லியனுப்பினாள். “பிள்ளைக்கு என் பேரைத்தான் வைக்கணும். இங்கன வந்து வைங்க.” முறைப்படி அது சரி. ஆனால் எனக்குச் சோறு இறங்கவில்லை. என்னிடமிருந்து எடுத்த பெயரை என் மகளுக்கே கொடுப்பார்கள். அதைச் சொல்லி நான் மட்டும் அவளைக் கூப்பிடக் கூடாது. பெற்ற பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு ஆசை இருக்காதா? பெயரில்லாமல் ‘பாப்பா’வாகவே கப்பலேறினாள் அவள்.

குற்றாலத்தில் சாரல் விழுந்துகொண்டிருந்தது. பெயர் வைப்பதற்கு முந்தின நாள் அத்தை பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். எப்படித்தான் தைரியம் வந்ததோ, கேட்டுவிட்டேன்.

“அத்தை, அந்தப் பேரை வச்சா நான் இவளை எப்படிக் கூப்பிட? ஊரே கூப்பிடும், பெத்தவ மட்டும் ஏட்டி ஏட்டின்னு கிடக்கணுமா?”

அத்தை திட்டவில்லை. மகன் பக்கத்தில் இல்லை என்று பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

“நான் மட்டும் மீனாச்சியாவா பொறந்தேன்?”

“பின்னே?”

“தென்காசிக்காரிக்கு என்ன பேரு வைப்பாவ? அங்கன கோயில்ல இருக்கவ பேருதான். இங்க வந்தா என் மாமியாளுக்கும் அதே பேரு. என் மாமனார் அப்பம்தான் நாடகம் பாத்துட்டு வந்திருக்காரு. அதுல ஆடுனவ பேரைத் தூக்கி எனக்கு வச்சுட்டாரு. ஒம் புருசன் மதுரை ஆத்தா பேருன்னுல்லா நெனச்சுக் கும்பிடுதான்!”

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. யாரோ நாடகக்காரியின் பெயர் இவளுக்கு இரவல். அந்த இரவலுக்காக என் சொந்தப் பெயர் போயிற்று. பிறகு அவள் கையைப் பார்த்தேன். பிள்ளையின் கால் விரலை ஒவ்வொன்றாக நீவிக்கொண்டிருந்தது. கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. தென்காசிக் கோயிலில் இருப்பவள் உலகம்மாள்; தன் மாமியார் பெயரும் அதுதான் என்பதால் அத்தை வாயால் சொல்லாததை நான் சொன்னேன்.

“உலகம்மான்னு இப்பம் யாராவது கூப்பிட்டா?” என்றேன்.

“யாரு இருக்கா கூப்பிட? எங்கம்மையோட போச்சு. கூப்பிட்டாலும் திரும்ப மாட்டேன். அவ எவளோ.”

“அப்பம் பிள்ளைக்கு உலகம்மான்னே வைப்போம் அத்தை. அதுவும் உங்க பேருதான?”

அவள் முந்தானையில் எண்ணெய்க் கையைத் துடைத்தாள். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தாள். “வைக்கதுன்னா வை” என்றாள். மகனிடம், தன் மாமியார் பெயரை வைப்பதும் முறைதான் என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டாள்.

பெயர் வைத்த மறுநாள் அருவிக்குப் போனோம். பெண்கள் பக்கம் கூட்டம். அத்தை தலையில் எண்ணெய் வழிய, பாறையைப் பிடித்துக்கொண்டு தண்ணீரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள். நான் ஈரச்சேலையைப் பிழிகிற நேரத்தில் பிள்ளை தவழ்ந்து, வழுக்குப் பாறைப் பக்கம் போய்விட்டது.

“ஏட்டி உலகம்மா! அங்கன போவாத!”

பிள்ளை திரும்பவில்லை. பெயர் வைத்து ஒரு நாள்தானே ஆகிறது, அதற்கென்ன தெரியும்? நான் ஓடிப்போய் அதை அள்ளிக்கொண்டு நிமிர்ந்தேன். அருவிச் சத்தத்துக்கு நடுவில் அத்தை அப்படியே நின்று திரும்பியிருந்தாள்.

“இந்தா வாரேன்!” என்றாள்.

அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. தாய் கூப்பிட்டால் விளையாட்டை விட்டுவிட்டு ஓடிவரும் பிள்ளையின் குரல் அது. என்னைப் பார்த்தாள், என் இடுப்பில் இருந்த பிள்ளையைப் பார்த்தாள். பிறகு தண்ணீருக்குள் போய்விட்டாள். வெகுநேரம் வெளியே வரவில்லை.

ரங்கூனுக்குத் திரும்பி வந்துவிட்டோம். உலகம்மாளை நான் நாள் முழுவதும் வாய் நிறையக் கூப்பிடுகிறேன். காலையில் மா தின் வேலியோரம் வந்து “மீனாட்சி!” என்கிறாள். இப்போதும் முதல் தடவை நான் எழுந்திருப்பதில்லை. அத்தையைத்தான் யாரோ கூப்பிடுகிறார்கள், அவள் போகட்டும் என்று தூக்கத்தில் நினைத்துக்கொள்கிறேன். இரண்டாவது தடவைக்கு, “இந்தா வாரேன்” என்று எழுந்து போகிறேன்.