மாட்டில் தேடிய காயம்

எனக்கு ஊர் வெள்ளானூர். ஏர் ஓட்டிப் பிழைக்கிறவன். விதைப்பு நெருங்கும்போது உள்ளங்கையில் கட்டி வந்து விரலை மடக்க முடியவில்லை. கை போனால் பிழைப்பு போச்சு என்று பூந்தமல்லியில் டாக்டரிடம் போனேன். கட்டியைக் கீறி எடுத்தார். ரத்தம் நிற்கவும் வலி தெரியாமல் இருக்கவும், மருந்தில் நனைத்த துணியை அறுத்த இடத்திலேயே வைத்துக் கட்டினார். கை மரத்துப்போச்சு. "அசைக்காதே" என்றார்.

சம்சாரத்தோடு மாட்டு வண்டியில் திரும்பும்போது பழக்கத்தில் அதே கையால் மாட்டுக் கயிற்றைப் பிடித்தேன். ஆவடி கிட்டே பட்டாளத்து லாரி ஒன்று உரசினாற்போலப் போச்சு. வலத்து மாடு மிரண்டு இழுத்தது. இழுத்துப் பிடித்து, முதுகில் தட்டிக் கொடுத்தேன். பார்த்தால் வெள்ளை முதுகெல்லாம் ரத்தம். லாரி இடித்துவிட்டது என்று பதறிக் குதித்து, மாட்டைத் தடவித் தடவிக் காயம் தேடினேன்.

வண்டியில் இருந்த சம்சாரம் கத்தினாள்.

"யோவ், மாட்ட வுடுய்யா! உன் கையப் பாரு, ஊத்திகினு கீது!"

எனக்கு வலிக்கவே இல்லை. அவள் முந்தானையைக் கிழித்து இறுக்கிக் கட்டி, தானே வண்டியைத் திருப்பினாள். டாக்டர் மறுபடி மருந்துத் துணி வைத்து அழுத்தின பிறகு ரத்தம் நின்றது.

"வலி தெரியலன்னா ஆறிடுச்சின்னு அர்த்தமா? மருந்து மறைச்சிருக்குதுய்யா" என்று திட்டினார்.

கை நன்றாக ஆறிவிட்டது. விதைப்பும் முடிந்தது. இப்போதெல்லாம் காயத்துக்கு மருந்து வைத்தால், வலி இல்லையென்று சும்மா இருப்பதில்லை. அடிக்கடி கட்டுத் துணியைக் கண்ணால் பார்க்கிறேன். கயிற்றை அவளிடம் கொடுத்துவிடுகிறேன். என்னைவிட அவள் நன்றாகத்தான் ஓட்டுகிறாள்.