ஜிம்மிக்கு வெச்சாச்சா?

கர்... கர்...

சிமெண்ட் தரையில் அலுமினியத் தட்டை மூக்கால் தள்ளிக்கொண்டு போகும் சத்தம். ஜிம்மி சோறு கேட்பது அப்படித்தான். குரைக்காது. தட்டு எந்த வீட்டுச் சுவரில் போய் முட்டுகிறதோ, அங்கே நின்று வாலை ஆட்டும்.

நாய்க்குட்டி வாங்கியிருக்கும் நண்பர் ஒருவர், என்ன கொடுக்கலாம், எத்தனை வேளை கொடுக்கலாம் என்று இந்தக் குழுவில் கேட்டிருந்தார். பதில் எழுத உட்கார்ந்தேன். அந்தச் சத்தம்தான் முதலில் வந்தது...

கச்சிராயபாளையத்துப் பள்ளிக்கூடத்தில் எனக்கு முதல் வேலை. வாடகை வீட்டில் தனியாக இருந்தேன். துணைக்கு ஜிம்மி, செவலை நிற நாட்டு நாய். இடது பக்கம் கனகா அக்கா வீடு. கறவை மாடுகள் வைத்திருந்தார்கள். வலது பக்கம் மல்லிகா அக்கா. அவர் வீட்டுக்காரர் கரும்பு லாரி ஓட்டினார். இரண்டு பக்கமும் இடுப்பளவுச் சுவர்தான்.

ஜிம்மி மூன்று வீட்டுக்கும் பொது. யார் சோறு வைத்தாலும் சுவருக்கு மேல் ஒரு குரல் கொடுப்போம்.

"ஜிம்மிக்கு வெச்சாச்சு!"

அந்தக் குரல் வராவிட்டால் மூன்று வீட்டிலும் சாப்பிட்டுவிடும். காலித் தட்டைத் தள்ளும் நாய்க்கெல்லாம் பசி என்று நினைத்துவிடாதீர்கள். கணக்குப் பாடம் ஆரம்பித்ததும் "டீச்சர், தண்ணி" என்று எழுந்து நிற்கும் பிள்ளைக்கெல்லாம் தாகமா எடுக்கிறது? குட்டிக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மூன்று நான்கு வேளை கொடுங்கள். வளர்ந்த நாய்க்குக் காலையும் மாலையும் போதும்.

ஞாயிற்றுக்கிழமை குளியல். கனகா அக்கா தண்ணீர் ஊற்றுவார். காதுக்குள் தண்ணீர் போகக் கூடாது என்பதால் மல்லிகா அக்கா இரண்டு கையாலும் ஜிம்மியின் காதை மூடிக்கொள்வார். நான் மரச் சீப்பால் வாரி, காது மடலிலும் விரலிடுக்கிலும் உண்ணி இருக்கிறதா என்று பார்ப்பேன்.

"ஏ மல்லிகா, உன் புள்ளைங்க தலைய ஒருநாளாச்சும் இப்டி வாரி உட்டுக்கிறியா?"

"அதுங்க இது மாதிரி சும்மா நிக்குமா யக்கா?"

இடஒதுக்கீட்டுப் போராட்டம் சூடாக நடந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. ஒருமுறை அப்பாவைப் பார்க்க மணலூர்பேட்டைக்குப் போயிருந்தேன். மறியல் தொடங்கிவிட்டது. சாலையில் மரங்களை வெட்டிப் போட்டார்கள். பஸ் இல்லை. அங்கேயே மாட்டிக்கொண்டேன்.

கச்சிராயபாளையத்தில் நடந்ததைப் பிறகுதான் கேள்விப்பட்டேன். கனகா அக்காவின் கொழுந்தன் பட்டம் படித்துவிட்டு வேலையில்லாமல் இருந்தவன், மறியலுக்குப் போயிருக்கிறான். மல்லிகா அக்காவின் வீட்டுக்காரர் கரும்பு லோடோடு எங்கேயோ மாட்டிக்கொண்டார். ஒரு தகவலும் இல்லை. குழாயடியில் பேச்சு முற்றிவிட்டது.

"உங்க வூட்டுப் புள்ள மரத்த வெட்டிப் போட்டா எங்க வூட்டு ஆளு எப்டி வூடு வந்து சேர்றது?"

"எங்க புள்ள அத்தினி படிச்சிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கினு இருக்கானே, அத்த இன்னான்னு கேட்டியா நீ?"

இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதனால் இருவருமே இறங்கி வரவில்லை. பேச்சு நின்றது. 'வெச்சாச்சு' என்ற குரலும் நின்றது.

பஸ் விட்ட அன்றே கிளம்பினேன். கள்ளக்குறிச்சி வரைதான் வந்தது. அங்கிருந்து ஒரு டிராக்டரில் ஏறி வீடு வந்தால்... தட்டுச் சத்தம் இல்லை.

முருங்கை மரத்தடியில் ஜிம்மி படுத்துக் கிடந்தது. வயிறு உப்பியிருந்தது. பின்னங்கால் முழுக்கக் கழிசல். என்னைப் பார்த்து வால் நுனி மட்டும் அசைந்தது. கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போக வண்டி கிடையாது.

"கனகாக்கா, இதுக்கு இன்னா வெச்சீங்க?"

"பாலு தான் டீச்சர். பால் வண்டி வர்ல, கறந்தத கீழயா ஊத்த முடியும்? அந்தாண்ட வூட்ல ஒரு வாய் சோறு வெக்க மாட்டாங்கன்னு சட்டி சட்டியா நாந்தான் ஊத்தினேன்."

வலது சுவருக்கு அப்பாலிருந்து குரல் வந்தது.

"யாரு வெக்க மாட்டாங்க? வேளா வேளைக்குக் கருவாட்டுக் கொழம்பு ஊத்தி நான் வெச்சேன் டீச்சர். அவங்களுக்குத்தான் மறியலுக்கே நேரம் பத்தலையே!"

"அடிப்பாவி, பாலு குடிச்ச வயித்துல கருவாட்டுக் கொழம்பா?"

"நீ ஒரு கொரல் குடுத்திருந்தா நான் ஏன் வெக்கறேன்?"

ஜிம்மி ஓங்கரித்தது. மல்லிகா அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சுவரைத் தாண்டி வந்தார். கனகா அக்கா வெந்நீரோடு வந்தார். பின்னங்காலைக் கழுவினோம். ஒருவர் ஊற்ற, ஒருவர் காதை மூடிக்கொள்ள, எப்போதும் போலவே... ஆனால் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

சோற்றை அடியோடு நிறுத்தினேன். தண்ணீர் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தேன். அன்று எனக்கு வேறு வழி இல்லை. உங்களுக்கு இருக்கிறது. வயிறு உப்பினால் உடனே டாக்டரிடம் ஓடுங்கள். வளர்ந்த நாய்க்குப் பால் வேண்டாம், பல நாய்களுக்குச் செரிக்காது. உப்பும் காரமும் போட்ட குழம்பு எந்த நாய்க்கும் வேண்டாம்.

மறுநாள் சாயங்காலம்.

கர்... கர்...

மூவரும் எழுந்தோம். மல்லிகா அக்காதான் முதலில் வாய் திறந்தார்.

"யக்கா... நீ வெக்கிறியா, நான் வெக்கட்டா?"

"டீச்சர் வெக்கட்டும்." என் பக்கம் கை காட்டிவிட்டு, "உன் வூட்டுக்காரு வந்துட்டாரா?" என்றார் கனகா அக்கா.

"இன்னும் வர்ல யக்கா."

"எங்க பையன சைக்கிள்ள அனுப்பறேன். எந்த மரம் எங்க கெடக்குதுன்னு அவனுக்குத்தான தெரியும்?"

மல்லிகா அக்கா சிரித்துக்கொண்டே அழுதார். நான் குழைந்த சோற்றில் மோர் ஊற்றி ஒரு கைப்பிடி வைத்தேன். அடுத்த நாள், மரம் போட்ட அதே பையனின் சைக்கிள் கேரியரில் லாரிக்காரர் வந்து இறங்கினார்.

இப்போது கள்ளக்குறிச்சியில் மகன் வீட்டில் இருக்கிறேன். இங்கே ஒரு லேப்ரடார். பாக்கெட் தீவனம், அளந்து போட ஒரு கப், குளிப்பாட்ட வீட்டுக்கே ஆள். நல்ல ஆரோக்கியமாக இருக்கிறது, குறை சொல்ல மாட்டேன். கிண்ணத்துக்கு அடியில் ரப்பர் வளையம். தள்ளினாலும் சத்தம் வராது.

காம்பவுண்டு சுவர் ஆள் உயரத்துக்கு மேல். அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று சரியாகத் தெரியாது. ஆனாலும் தினமும் தீவனத்தைப் போட்டு நிமிர்ந்ததும், வாய் தானாகச் சொல்லிவிடுகிறது.

"வெச்சாச்சு!"

நாய் மட்டும் தலையைத் தூக்கி என்னைப் பார்க்கும்.